வரிசையும் முறையும்

வீதியிலே மூளும் கோபத்தை அற்ப விடயமென ஒதுக்கிவிடுவது நமது வழக்கம். ஆயினும் நீதி எது என்பது பற்றிச் சாதாரண மனிதன் உள்ளூரக் கொண்டிருக்கும் எண்ணம் இத்தகைய இடங்களிலேதான் மறைவின்றித் தெரிகிறது.

கொழும்பின் வடவாயிலான பேலியகொடையை எடுத்துக்கொள்வோம். கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் அங்கே கூடுகின்றன. 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்ட கட்டுநாயக்கா அதிவேக வீதியும் தன் வாகனங்களை அங்கேயே கொண்டுவந்து கொட்டிற்று. அந்நெருக்கடிக்குப் பரிகாரமாகக் களனி கங்கைமீது ஆறு நிரல்கள் கொண்ட புதிய பாலம் 2021 நவம்பரில் திறக்கப்பட்டது. எனினும் பாலத்தை அகலமாக்கலாம். நகரத்து வீதிகள் அனைத்தையும் அகலமாக்கல் இயலாது. எங்கோ ஓரிடத்தில் இரண்டு நிரல்கள் ஒன்றாகியே தீரவேண்டும்.

அவ்விடத்தில் நிகழ்வதை நாம் அறிவோம். பெரும்பாலோர் நேரத்தோடு ஒரு நிரலில் சேர்ந்து ஊர்கின்றனர். ஒருவர் மட்டும் வெறுமையாய்க் கிடக்கும் மற்ற நிரலில் விரைந்து சென்று, அதன் முடிவிலே வண்டியின் தலையை நுழைக்கிறார். வரிசையில் நிற்பவர் ஒலியெழுப்புகிறார். முன்வண்டியோடு ஒட்டிச் சென்று இடைவெளியை அடைக்கிறார். 'நாங்கள் மட்டும் மடையர்களா?' என்பதே அவருடைய கேள்வி.

இக்கோபம் இழிவானதன்று. 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் காத்து நின்ற மக்கள் நாம். அங்கே வரிசையைக் குலைத்தவன் மெய்யாகவே பிறன் பங்கைக் கவர்ந்தான். தாங்கியில் இருந்தது அளவானது. அது தீர்ந்தால் பின்னால் நின்றவன் வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான். வரிசையின் அறம் பற்றாக்குறையிலே பிறந்த அறம்.

ஒடுங்கிய வீதியோ தீர்ந்துபோகும் பண்டமன்று. ஒரு நிமிடத்தில் அதனூடாகச் செல்லக்கூடிய வண்டிகள் இத்தனைதான். எவர் முந்தினாலும் அத்தொகை கூடுவதில்லை. ஆனால் ஒரு நிரலை வெறுமையாக விட்டால் வரிசை ஏறக்குறைய இருமடங்கு நீள்கிறது. நீண்ட வரிசை பின்னாலுள்ள சந்திகளை அடைக்கிறது. இப்பாதைக்கே வராதவனும் அங்கே காரணமின்றி நிற்கிறான். பொறுமையாளர்களின் ஒழுக்கம் அவர்கள் கண்ணிற் படாத ஒருவனைத் தண்டிக்கிறது.

ஆகவேதான், நிரல் முடியும் இடத்துக்குச் சற்று முன்னர் வண்டிகள் ஒன்றுவிட்டொன்றாகச் சேரவேண்டுமென ஜேர்மனியின் வீதிச் சட்டம் விதிக்கிறது. உடுப்பிலே தைக்கும் 'சிப்'பின் பெயரையே அம்முறைக்கு இட்டுள்ளார்கள். இருபுறத்துப் பற்களும் மாறிமாறிக் கோக்கப்படுவதை நினைத்துப் பார்த்தாற் போதும். பிரித்தானியாவின் வீதி விதிக்கோவையும், வேகம் மிகக் குறைந்துள்ள வேளையில், பாதுகாப்புக்கு ஊறின்றி இவ்வாறு முறைவைத்துச் சேர்வதைப் பரிந்துரைக்கிறது. அந்நாடுகளில் நிரலின் முடிவுவரை செல்பவர் வஞ்சகரல்லர். இடைவெளியை அடைப்பவரே முறை தவறியவர்.

அப்படியாயின் நமது ஊரில் இறுதிவரை சென்று நுழைபவர் குற்றமற்றவரா? அல்லர். எல்லோரும் அறிந்து ஏற்றுக்கொண்ட முறை இல்லாதவிடத்து அவர் எந்த முறையையும் பின்பற்றவில்லை. பிறருடைய பொறுமையை முதலாக்கி இலாபம் ஈட்டுகிறார். ஒரே செயல் ஓரிடத்தில் நீதியாகவும் இன்னோரிடத்தில் சுரண்டலாகவும் ஆகிறது. நற்பண்பைத் தனிமனிதனின் உள்ளத்தில் மட்டும் தேடுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும். 2022 யூலையில் கியூஆர் குறியீட்டின்படி பங்கீடு தொடங்கியபின் எரிபொருள் வரிசைகள் குறுகின. மக்கள் திடீரெனப் புனிதர்களாகிவிட்டதனாலா?

சாரதிகளுக்கு நன்னடத்தை போதிப்போர் பெரும்பாலும் தனியார் பஸ் சாரதியையே சுட்டுகிறார்கள். அவர்களிற் பலருடைய உழைப்பு அன்றைய வசூலைப் பொறுத்தது. முன்னே விட்டுக்கொடுத்த பஸ், அடுத்த தரிப்பிடத்துப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போய்விடும். 'இடம் விடு' என்று அவரிடம் கூறுவது, கூலியில் ஒரு பகுதியை விடு என்று கூறுவதாகும். அதற்காக அவருடைய முரட்டு ஓட்டத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. அதனால் உயிர்களே போகின்றன. மாதச் சம்பளம் பெறுபவர் தம் மரியாதையை அவருடைய முரட்டுத்தனத்தோடு ஒப்பிட்டுப் பெருமை கொள்வதையே மறுக்கிறோம்.

ஒன்றுவிட்டொன்று என்னும் முறையிலும் ஒரு கணக்கு விடுபட்டுள்ளது. அது வண்டிகளை எண்ணுகிறதேயன்றி மனிதர்களை எண்ணவில்லை. மிதிபலகை வரை தொங்கிக்கொண்டு ஐம்பது பேருக்கு மேல் வரும் பஸ்ஸுக்கு ஒரு முறை; தனியொருவர் குளிரூட்டிய ஜீப்பில் வந்தால் அவருக்கும் ஒரு முறை. பஸ்களுக்கெனத் தனி நிரல் ஒதுக்கும் முயற்சிகள் கொழும்பிலும் நடந்ததுண்டு. அந்நிரல்களுக்குள் முதலில் நுழைந்தவை எவ்வகை வண்டிகள் என்பதை வீதியோரம் நின்ற எவரும் சொல்வர்.