கடலுக்குக் கோபம் இல்லை

பிறர் மாண்ட மண்ணில் நாம் மகிழலாமா?

எங்கள் மன்றத்து இளைஞர்கள் சனி, ஞாயிறு இரு நாட்களும் தனுஷ்கோடி சென்றுவரத் திட்டமிட்டபோது எழுந்த கேள்வி இது. "அழிந்துபட்ட ஊர் அது, அங்கே ஆட்டமும் பாட்டுமா?" என்றார் ஒரு தோழர். "வாரமெல்லாம் உழைப்பவனுக்கு ஒரு நாள் கடற்காற்று வாங்குவதும் குற்றமா?" என்றார் மற்றொருவர். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆகவேதான் அதனை எண்ணிப் பார்க்க வேண்டியவர்களானோம்.

1964 டிசம்பர் 22. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் இரயில் இருளைக் கிழித்துக்கொண்டு தனுஷ்கோடியை நெருங்குகிறது. புயல் சீறுகிறது, பொங்கி எழுந்த கடல் இரயிலையே வாரிச் சுருட்டிக் கொள்கிறது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1914 முதல் இலங்கைக்குக் கப்பல் அனுப்பிய துறைமுகம், ஓரிரவில் சிதைந்தது. மக்கள் வாழத் தகுதியற்ற இடமென்று அரசு அறிவித்தது. இடிந்த மாதா கோவிலின் சுவர்கள் இன்றும் கூரையின்றி நிற்கின்றன.

ஏன் நேர்ந்தது இந்தக் கொடுமை? "பாவம் பெருகிற்று, கடல் பொங்கிற்று" என்பர் சிலர். "இராமேசுவரம் கோவிலை மட்டும் விட்டுவைத்ததே, அதுவன்றோ கருணை!" என்பர் வேறு சிலர். கேட்கிறோம்: தண்டனை என்றால் குற்றம் எது? பகலெல்லாம் வலை இழுத்துப் படுத்துறங்கிய பரதவன் செய்த குற்றம் என்ன? தொட்டிலில் கிடந்த மழலை செய்த பாவம் என்ன? மாண்டவரை மீண்டும் ஒருமுறை குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறதே இந்தப் பேச்சு, இதற்குப் பெயரா பக்தி?

வெம்மை ஏறிய கடற்பரப்பில் காற்றழுத்தம் குறைகிறது. சுற்றிலுமிருந்து காற்று சுழன்று பாய்கிறது. அந்தக் காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ளுகிறது. ஆழமற்ற கடலாயின் நீர்மட்டம் மேலும் உயர்கிறது. பாக் நீரிணை ஆழமற்றது. நடந்தது இதுவே. கடலுக்குக் கோபம் இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டால் பகுத்தறிவாளன் கடமை முடிந்ததா? இல்லை, தோழர்களே! பாதிதான் முடிந்தது. கோபம் இல்லாத கடலுக்குக் கருணையும் இல்லை. நல்லவன் படகென்று அது ஒதுங்கிச் செல்லாது. ஏழையின் குடிசையென்று இரக்கம் காட்டாது. கடலிடம் நீதி இல்லையென்றால், நீதியின் சுமை முழுவதும் மனிதன் தோளில் ஏறுகிறது. "அவன் பார்த்துக்கொள்வான்" என்று வானத்தைக் காட்டும் உரிமையை நாம் துறந்துவிட்டோம். அப்படியானால், பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார்? நாமேதான்!

முடியுமா என்று ஐயுறுவோர் ஒடிசாவைப் பார்க்கட்டும். 1999 இல் அங்கு வீசிய பெரும்புயல் ஏறத்தாழ 10,000 உயிர்களைக் குடித்தது. 2013 இல் பைலின் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியது. இறந்தோர் தொகை 50ஐ எட்டவில்லை. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் கடல் அன்பு பயின்றதா? இல்லை, மனிதன் முன்னறிவு பயின்றான். வானிலையாளர் உரிய நேரத்தில் எச்சரித்தனர்; புயல் காப்பகங்கள் எழுந்து நின்றன; ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் முன்கூட்டியே மேட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உயிர் காத்தது வேண்டுதல் அன்று, விழிப்பு! 1964 இல் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் மீண்டும் நிமிர்த்தியதும் பொறியாளர் அறிவும் தொழிலாளர் தோளுமே அன்றோ?

இனி, முதற்கேள்விக்கு வருவோம். மகிழலாமா? மகிழலாம். அலையில் நனைவதால் மாண்டோர்க்கு இழிவு இல்லை. சிரிப்பைப் பாவமென்று சொல்லும் சிந்தனை நமக்கு உடன்பாடு அன்று. ஆனால், அந்த மண்ணில் மாண்டோர் மட்டுமல்லர், வாழ்வோரும் இருக்கின்றனர். ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கின்றன. ஒருபுறக் கடலைப் பெண்கடல் என்றும், மறுபுறக் கடலை ஆண்கடல் என்றும் அழைத்து, காற்றின் திசையறிந்து தொழில் செய்யும் அனுபவ அறிவு அவர்களுடையது. 2017 இல் திறந்த சாலை அரிச்சல்முனை வரை நம்மை அழைத்துச் செல்கிறது. கார்கள் விரைகின்றன, இடிந்த சுவரைப் படமெடுக்கின்றனர், குடிசையை ஏறிட்டும் பாராது திரும்புகின்றனர். மகிழ்ச்சி குற்றமன்று, இந்தப் பாராமுகமே குற்றம்!

எனவே, உல்லாசப் பயணம் புறப்படும் மன்றங்களுக்கு நாம் சொல்வது இது: பாடுங்கள், ஆடுங்கள். கரையில் வாழ்வோரிடம் ஒரு நாழிகை அமர்ந்து பேசுங்கள். அவர்தம் ஊற்றுநீரில் குப்பை சேராமல் காத்திடுங்கள். ஊர் திரும்பியதும், உங்கள் ஊரின் புயல் காப்பிடம் எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, எச்சரிக்கை வந்தால் முதியோரைத் தூக்கிச் செல்வோர் யார் என்று விசாரித்து எழுதி வையுங்கள். அடுத்த புயல் நம் கொள்கையைக் கேட்டுக்கொண்டு வராது. அது வரும் நாளில் நம் கைகள் ஆயத்தமாக இருக்கட்டும்!