முகம் தெரியாதவரை நம்புவது எப்படி?



நமக்காகப் பொருள் வாங்கவும் டிக்கெட் போடவும் மென்பொருள்கள் வந்துவிட்டன. ‘ஏஜென்ட்’ என்கிறார்கள். நம் ஏஜென்ட், முன்பின் தெரியாத இன்னொரு ஏஜென்ட்டிடம் பேசி பேரம் முடிக்கிறது. நடுவில் உத்தரவாதம் தர ஒரு தலைமை இல்லாத இடத்தில் எதை வைத்து நம்புவது என்று, கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இது பழைய கேள்வி. ஸஹாபாக்கள் கூஃபா, பஸரா, ஷாம், எகிப்து என்று பரவினார்கள். இந்த ஹதீஸ் சரி, இது தவறு என்று முத்திரை குத்த ஓர் அலுவலகம் இருக்கவில்லை. “யாரிடம் கேட்டீர்? அவர் யாரிடம் கேட்டார்?” என்று ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு மாணவர் சொன்னதை, அதே ஆசிரியரின் மற்ற மாணவர்கள் சொன்னதோடு ஒப்பிட்டார்கள்.

ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸ் நிய்யத் பற்றியது. உமர் (ரலி), அல்கமா, முஹம்மது இப்னு இப்ராஹீம், யஹ்யா இப்னு ஸயீத் என்று நான்கு கண்ணி வரை ஒற்றை வழிதான். யஹ்யாவுக்குப் பிறகே ஏராளமானோர் அறிவிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்து அறிஞர்கள் இதை முதவாதிர் என்று சொல்லிவிடவில்லை. ஊற்று ஒன்று என்றால் சாட்சியும் ஒன்றுதான். அந்த நால்வரும் நம்பகமானவர்கள் என்பதால் ஏற்றார்கள். இன்று ஒரே ஆள் ஆயிரம் போலிக் கணக்கு திறந்து தன்னையே பாராட்டிக்கொள்வதை ‘சிபில் தாக்குதல்’ என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் பத்து குழுவில் வந்த செய்தியும் பெரும்பாலும் இந்த வகைதான்!

இன்னொருவர், எகிப்தின் காழி இப்னு லஹீஆ (ரஹ்). அவருடைய ஏடுகள் எரிந்தபின் அவர் அறிவித்ததில் குழப்பம் வந்தது என்று ஹதீஸ் அறிஞர்கள் பலர் கூறுகிறார்கள். அதற்காக அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. இப்னுல் முபாரக் (ரஹ்) போல முன்பே கேட்டவர்கள் வழியாக வந்ததற்கு ஒரு மதிப்பு, பின்னால் கேட்டவர்கள் வழியாக வந்ததற்கு வேறு மதிப்பு. நேற்று ஒழுங்காக வேலை செய்த மென்பொருள் இரவில் அப்டேட் ஆனால், பெயர் அதேதான், ஆனால் உள்ளே இருப்பது வேறு. பழைய நற்பெயரை அப்படியே அதற்குக் கொடுக்க முடியாது, திரும்பவும் சோதிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது அடுத்தவரின் ஏஜென்ட்டைப் பற்றி. உங்களுடையது? மறுமையில் மென்பொருளுக்குக் கேள்வி கணக்கு இல்லை, அதை ஏவியவருக்கு உண்டு. உங்கள் பெயரில் அது என்ன சொல்லி பேரம் முடித்தது என்று திறந்து பாருங்கள். பொய் விவரம் கொடுத்துத் தள்ளுபடி வாங்கியிருந்தால், அந்தத் தொகையைக் கடைக்காரருக்குத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் கொடுங்கள்.