அந்தக் கிழவனும் கர்த்தர் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான்



சில வருஷங்களுக்கு முன் வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், கூட்டம் முடிந்ததும் என் தலையில் கைவைத்து, "மகளுக்கென்று ஒரு தொகை வைத்திருக்கிறாய், அதை என் ஊழியத்தில் விதைக்கச் சொல்லுகிறார் கர்த்தர்" என்றார். பணம் இருந்தது உண்மை. எனக்கு நடுக்கமே வந்துவிட்டது. (சபையில் பாதிப்பேருக்கு அது தெரியும் என்பது அப்போது தோன்றவில்லை!) காலையில் பாங்கிக்குப் புறப்பட்டேன். என் மனைவிதான், "ஏங்க, இத்தனை வருஷமா உங்ககிட்ட பேசுற ஆண்டவர் இதை மட்டும் ஏன் அவர்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டாள்.

உட்கார்ந்து 1 இராஜாக்கள் 13-ஐ வாசித்தேன். யூதாவிலிருந்து பெத்தேலுக்குப் போன தேவமனுஷன் யெரொபெயாம் ராஜாவுக்கே பயப்படாதவன். ராஜா விருந்துக்குக் கூப்பிட்டான், வெகுமதி தருகிறேன் என்றான், அசையவில்லை. அங்கே சாப்பிடக்கூடாது, வந்த வழியாய்த் திரும்பக்கூடாது என்று கர்த்தர் அவனுக்கு நேராகவே சொல்லியிருந்தார். ராஜாவுக்கு முன்பாகத் தப்பினவன் எங்கே விழுந்தான்? கர்வாலி மரத்தடியிலே! ஒரு கிழத் தீர்க்கதரிசி கழுதையேறி வந்து, தானும் தீர்க்கதரிசிதான், தூதன் சொல்லித்தான் அழைக்கிறேன் என்றான். அது பொய். இவனோ ஒரு வார்த்தை ஜெபிக்காமல் பின்னாலேயே போய்ச் சாப்பிட்டான். இன்னொன்றைக் கவனியுங்கள். அதே பந்தியில், பொய் சொன்ன அதே வாயிலிருந்து கர்த்தருடைய மெய்யான வார்த்தையும் வந்தது! வரம் இருக்கிறவர் சொல்வதெல்லாம் கர்த்தர் சொன்னதாகிவிடுமா? திரும்புகிற வழியில் சிங்கம் அவனைக் கொன்றுபோட்டது. கழுதையை அது தொடவில்லை.

தென்கொரியாவில் லீ ஜாங் ரிம் என்ற போதகர், 1992 அக்டோபர் 28-ல் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்றார். ஜனங்கள் வேலையை விட்டார்கள், சொத்தை விற்றார்கள். அவர் வாங்கி வைத்திருந்த பத்திரங்கள் முதிர்வதோ 1993-ல்! மோசடிக்காகச் சிறைத்தண்டனை பெற்றார்.

மறுநாள் பிரசங்கியார் வீட்டுக்கே வந்தார். "ஐயா, மூப்பர்களோடு மூன்று நாள் ஜெபித்துச் சொல்கிறேன்" என்றேன். "கர்த்தர் சொன்ன பிறகு மூப்பர் எதற்கு?" என்று எழுந்தவர், காபியைக்கூடத் தொடாமல் போய்விட்டார். அன்று இராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கர்த்தரை மனமடிவாக்கிவிட்டேனோ என்று பயந்துகொண்டே படுத்திருந்தேன். என் மகள் அந்தப் பணத்தில்தான் நர்ஸிங் படித்தாள்.