ஏட்டில் அறிவியல், வீட்டில் சாதியா?

உயிரியல் கற்றோர்க்கு இன்று வழிகள் பல. குருதி வங்கி உண்டு, ஆய்வுக்கூடம் உண்டு, வேளாண் பண்ணை உண்டு, ஆசிரியப் பணி உண்டு. பட்டம் பெற்றோர் பதவியும் பெறட்டும், மகிழ்வோம். ஆனால், கற்ற அறிவு பிழைப்புக்கு மட்டுந்தானா? வாழ்வுக்கு இல்லையா?

கோவையிலே 1912ஆம் ஆண்டு கரும்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. வளர்ப்புக் கரும்புக்கும் காட்டு நாணலுக்கும் அங்கே மணம் முடித்தனர் அறிஞர். பிறந்தது 'கோ 205'. 1918இல் பஞ்சாப் வயல்களுக்குச் சென்றது. மிச்சிகனில் 1931இல் முனைவர் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள், அதே நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையுமே இணைத்துக் காட்டினார். வெவ்வேறு இனங்கள் இணைந்தன. வானம் இடிந்து விழவில்லை. மனிதரோ அனைவரும் ஒரே இனம்!

1901இல் லாண்ட்ஸ்டெய்னர் மனிதக் குருதியிலே வகை கண்டார், வருணம் காணவில்லை.

எனினும், பகலெல்லாம் குருதியில் வகை பார்ப்பவன், மாலையில் மணமகள் தேடும்போது சாதி பார்க்கிறான். மரபணுவைப் படித்தவன் ஜாதகத்தைப் புரட்டுகிறான். கேட்டால், "அது தொழில், இது குடும்பம்" என்கிறான். உண்மைக்கு அலுவல் நேரம் உண்டோ?

பெற்றோர் வருந்துவரே என்பான். வருந்தக்கூடும். அவர்கள் கல்லூரி வாயிலைக் காணாதவர்கள். அவர்கள் வியர்வையால் இவன் கண்டான். கண்டதை எடுத்துரைக்கும் கடமை யாருடையது? அன்பு காரணமாக உண்மையை மறைப்பது அன்பாகுமா?

தோழனே, தோழியே! உன் பட்டம் பதவிக்குரிய சீட்டு மட்டுமன்று. பொய்க்குப் பணியேன் என்னும் உறுதிமொழியுமாகும். ஆய்வுக்கூடத்தில் அறிந்ததை உன் வீட்டுக் கூடத்திலும் சொல்!