பயிற்சி யாருக்கு?

விசயதசமியன்று பரப்பிய பச்சையரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பதை ஏடு தொடக்குதல் என்போம். கல்வி அன்றுதான் தொடங்குகிறது என்பது நமது நம்பிக்கை. ஆனால் அவ்விரல் அரிசியைத் தொடுமுன்னரே ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ நெடுந்தீவிலோ பிறந்த பிள்ளை தன் மொழியின் பெரும்பகுதியைக் கேட்டுப் பழகிவிட்டது. மீன் காயவிடும் தாயும் பனங்கிழங்கு கிழித்து வெயிலில் இடும் அம்மம்மாவுமே அதன் முதல் ஆசிரியர்.

இவர்களுக்குப் பிள்ளையோடு பேசப் பயிற்சி வேண்டும் என்று இன்று கல்வியாளர் கூறும்போது நமக்குச் சினம் எழுகிறது. தாலாட்டுப் பாடிய வாய்க்கா பேச்சுப் பயிற்சி? சினத்தில் நியாயம் உண்டு. ஏழையின் வீட்டைச் சொல்லற்ற வெறும் பாத்திரமாகக் கருதி, நகரத்துச் சொற்களை அதில் ஊற்ற முனையும் பயிற்சிகளும் உள. “வாறன்” என்ற பிள்ளையை இடைமறித்து “வருகிறேன் என்று சொல்” எனத் திருத்தும்போது அது கற்பது இலக்கணமன்று. தன் வீட்டார் பேசுவது பிழை என்பதையே கற்கிறது. அடுத்த முறை வாய் திறவாது. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் எனத் திசைக்கொரு காற்றின் பெயர் அறிந்த மீனவரின் பிள்ளையைச் சொல் வறியது என்று கூற எவருக்குத் துணிவு வரும்?

ஆயினும் சினத்தோடு நின்றுவிடுவது நேர்மையன்று. நம்மவர் பிள்ளையிடம் பேசுவதில் எவ்வளவு ஏவல்! ‘வா’, ‘இரு’, ‘தொடாதை’. வினவிவிட்டு விடைக்குக் காத்திருப்பது அரிது. இதில் படித்தவர் வீடும் விலக்கன்று. சிந்தனை முதலில் மனிதரிடையே உரையாடலாகத் தோன்றிப் பின்னரே உள்ளத்துள் குடிபுகுகிறது என்று சோவியத் உளவியலாளர் விகோத்ஸ்கி விளக்கினார். 1988இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வொன்றில், பெற்றோர் படப்புத்தகத்தைத் தாமே வாசித்துத் தள்ளாமல், கேள்வி கேட்டுப் பிள்ளையையே கதை சொல்லவிடப் பழக்கப்பட்டனர். ஒரு மாத காலத்திலேயே பிள்ளைகளின் பேச்சு வளம் கூடியது. பயிற்சி வீண் அன்று. அதன் சாரம் பேசக் கற்பதைவிடக் கேட்கக் கற்பதே.

“சோளகம் கிளம்பீட்டுது” என்று பிள்ளை சொன்னால், “எப்படித் தெரியும்?” என்று வினவி, விடைக்குப் பொறுத்திருந்து, அது சொன்னதையே கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். தன் பேச்சுக்கு ஓர் உருவம் உண்டு என்று பிள்ளை அப்போது காண்கிறது. ‘வருகிறேன்’ பின்னால் வரட்டும், அவசரமில்லை.

ஆனால் பொறுத்திருக்க நேரம் வேண்டும். விடியுமுன் எழுந்து இரவு வரை உழைக்கும் தாயிடம் அது எங்கே? ஓய்வை வசதியுள்ளவர் உடைமையாக்கிவிட்டு, பிள்ளையின் மொழிக் குறைக்குத் தாயைக் குற்றம் சாட்டுவது அறமாகாது. அவள் சுமையை முன்பள்ளி ஆசிரியை பகிர்ந்துகொள்ளலாம். அவர் நிலை என்ன?

மரியா மொண்டிசோரி 1907இல் தம் முதற் பாலர் இல்லத்தைத் திறந்தது ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். இங்கோ அவர் பெயர் கட்டணம் வாங்கும் நகரப் பள்ளிகளின் விளம்பரப் பலகையாயிற்று! 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை அரசாங்கப் பாடசாலையின் வாயிலுக்கு வெளியேதான் நின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் முன்பள்ளிகளின் மேற்பார்வையை மாகாணசபைகளிடம் விட்டது. மேற்பார்வை கிடைத்தது, ஆசிரியைக்கு அரச ஆசிரியரின் சம்பளம் கிடைக்கவில்லை. சிறு கொடுப்பனவும் பெற்றோர் தரும் பணமுமே அவர் வருவாய்.

நெடுந்தீவு ஆசிரியை யாழ்ப்பாணத்தில் நடக்கும் பயிற்சிக்குச் செல்லக் குறிகட்டுவான்வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில், பின் பேருந்தில் போகவேண்டும். கடல் குமுறும் நாளில் படகே இல்லை. அந்நாட்களுக்கான ஊதியத்தையும் வழிச்செலவையும் மாகாண நிருவாகமே ஏற்கவேண்டும். பயிற்சியாளர் படகேறித் தீவுக்கு வருவது அதனினும் நன்று. பிற்பகலில், வேலை ஓய்ந்த வேளையில், தாய்மாரும் அம்மம்மாக்களும் வந்து உட்காருவர். முதல் நாள் பயிற்சியாளர் பேசாமல் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.