விலைகொடுத்து வாங்கும் அபயம்

தர்மாதர்ம விசாரம் என்பது சாஸ்திரம் கற்றவர்களின் சதஸிலும் கோயில் மண்டபத்திலும் நடக்கவேண்டியது என்று நாம் வழக்கமாக எண்ணிக்கொண்டிருந்தாலும், மனிதன் பிறர் பொருளுக்கும் பிறர் நம்பிக்கைக்கும் பொறுப்பேற்கும் இடமெல்லாம் அந்த விசாரத்துக்கு உரிய இடமே. அதனால்தான், பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு மாடி அறையில் ஏழெட்டுப் பேர் கூடி, தங்கள் சங்கத்தின் அப்ளிகேஷன் சர்வரைக் காசில்லாத கம்யூனிட்டி பதிப்பிலேயே வைத்துக்கொள்வதா, ஆண்டுச் சந்தா கட்டி எண்டர்பிரைஸ் பதிப்புக்கு மாற்றுவதா என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது, வெறும் கணக்குவழக்காகத் தோன்றிய அந்தப் பேச்சுக்குள் ஆத்மிகமான கேள்வி ஒன்று இருப்பதை நான் உணர்ந்தேன்.

அது ஏழை மாணவருக்குக் கல்வி உதவிநிதி வழங்கும் சங்கம். விண்ணப்பங்களை வாங்கும் செயலி காசில்லாத வைல்ட்ஃபிளை சர்வரில் ஓடுகிறது. அதைக் கவனித்துக்கொள்ளும் இளைஞர், அந்த வைல்ட்ஃபிளையின் மூலநிரலை அடிப்படையாகக் கொண்டு ரெட் ஹாட் கம்பெனி சந்தாவுக்கு வழங்கும் ஜேபாஸ் இ.ஏ.பி.க்கு மாறலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். பொருளாளரான முதியவர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, “தம்பி, ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான்னு நீயே எழுதியிருக்கே. அப்புறம் எதுக்கு இவ்வளவு வெள்ளி?” என்று கேட்டார். “ஐயா, ராத்திரி ரெண்டு மணிக்குச் சர்வர் படுத்துட்டா, கூப்பிட ஒரு ஆள் இருக்கும். அதுக்குத்தான்” என்றார் இளைஞர்.

கூப்பிட்டால் ஒருவர் இருப்பார் என்ற அந்த வாக்குக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அபயம். குவின் ஸ்திரீட்டில் 1833-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் மகாமாரியம்மன் சந்நிதியில் போய் நிற்கிறவன் வேண்டுவதும், ஆராய்ந்து பார்த்தால், அதையே. ஆனால் சந்நிதியில் கிடைக்கும் அபயத்துக்கும் ஒப்பந்தத்தில் கிடைக்கும் அபயத்துக்கும் உள்ள தாரதம்மியத்தைத் தெளிவாக அறிந்துகொள்ளாமல் சந்தா கட்டுவது விவேகமாகாது. மேல்தரச் சந்தாவில், வேலை முழுவதும் நின்றுபோகும் கடுமையான கோளாறுக்கு இரவு பகல் எந்நேரமும் ஒரு மணிக்குள் பதில் வரும் என்று வாக்களிக்கப்படுகிறது. வாக்களிக்கப்படுவது பதில் மட்டுமே, நிவிர்த்தி இத்தனை மணிக்குள் உண்டாகும் என்று அன்று. இதைச் சொல்வதால் சந்தா வீண் என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டாம். வைல்ட்ஃபிளையில் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வருகிறது. புதியது வந்தபின் பழையதற்குப் பொதுவாகத் திருத்தங்கள் வருவதில்லை. ஆகவே இலவசத்தில் இருப்பவன் ஓயாமல் முன்னே நடந்துகொண்டிருக்க வேண்டும். சந்தா கட்டியவனோ, ஒரே பதிப்பில் பல வருஷம் தங்கி, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். ஒரே இளைஞர் மாலை வேளைகளில் வந்து பார்த்துக்கொள்ளும் சங்கத்துக்கு இது அற்ப சகாயமன்று.

எனினும், விலைக்கு வாங்கிய அடைக்கலம் என்றும் நிலைத்திருக்கும் என்று நம்பியவர்கள் ஏமாந்த வரலாறு இந்தத் துறையிலேயே உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005-இல் கிளாஸ்ஃபிஷ் என்ற சர்வரைத் திறந்த மூலமாக வெளியிட்டது. 2010-இல் சன் நிறுவனமே ஆரக்கிள் வசமாயிற்று. 2013 நவம்பரில், அடுத்த பதிப்பான கிளாஸ்ஃபிஷ் 4-க்கு வணிக ஆதரவுள்ள பதிப்பு வராது என்று ஆரக்கிள் அறிவித்தது. அதுவரை முறையாகப் பணம் கட்டிவந்தவர்களுக்கு வேறு சரக்குக்கு மாறும்படி வழிகாட்டப்பட்டது. அப்போது நடந்தது கவனிக்கத்தக்கது. மூலநிரல் யாவர்க்கும் பொதுவாக இருந்ததனால், இங்கிலாந்தில் சிலர் அதை எடுத்துத் திருத்தி, 2014-இல் பயாரா என்ற பெயரில் தொடர்ந்து நடத்தத் தொடங்கினார்கள். விற்கப்பட்ட வாக்கு கைவிடப்பட்ட இடத்தில், கொடையாக வைக்கப்பட்ட பொருள் மறுவாழ்வு பெற்றது. அநித்தியம் என்று வேதாந்தம் ஓயாமல் சொல்லும் சொல்லுக்கு இதைவிடப் பிரத்தியட்சமான உதாரணம் அந்தச் சங்கத்தாருக்குத் தேவையில்லை.

அப்படியானால் கொடையையே அனுபவித்துக்கொண்டு, சந்தாவை மிச்சப்படுத்தி, நிம்மதியாக இருந்துவிடலாமா? இங்கேதான் விஷயம் கனக்கிறது. தைப்பூசத்துக்கு முதல்நாள் பினாங்கு ஸ்திரீட்டுக் கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளிரதம் தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படுகையில், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கின்றன. சீனரும் தமிழரும் நடத்தும் அந்தப் பந்தல்களில் காவடிக்காரனுக்கும் வேடிக்கை பார்க்க வந்தவனுக்கும் ஒரே குவளையில் மோர் கிடைக்கிறது. நீ யார், எந்த ஊர் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் விடியுமுன்னே பெரிய பாத்திரங்களைத் தூக்கிவந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து பிழிந்து விரல் எரிய, நாள் முழுதும் கால் கடுக்க நின்று, கூட்டம் கலைந்தபின் குப்பையையும் கூட்டிவிட்டுப் போகிறவர்கள் சிலரே. குடித்தவன் ஒவ்வொருவனும், இது எப்படியும் கிடைக்கும் என்று வருஷா வருஷம் குடித்துவிட்டு மட்டும் போனால், பந்தல் எத்தனை தைப்பூசத்துக்கு நிற்கும்?

2021 டிசம்பரில் உலகம் இந்தக் கேள்வியை மிகுந்த பயத்தோடு கேட்டது. லாக்4ஜே என்ற சிறு நிரற்பகுதியில் அபாயகரமான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. கடுமை அளவீட்டில் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுக்கப்பட்டது. அரசாங்கங்களும் பெருங்கம்பெனிகளும் அதன்மேல் நம்பிக்கை வைத்துத் தம் காரியங்களை நடத்திவந்தன. அதைப் பராமரித்தவர்களோ, பெரும்பாலும் தங்கள் பிழைப்புக்கான வேலை போக மிஞ்சிய நேரத்தில் உழைத்த சில தொண்டர்கள். அந்த நாட்களில் அவர்கள் உறக்கமின்றித் திருத்தம்மேல் திருத்தமாக வெளியிட்டுக்கொண்டிருக்க, ஒரு காசும் தந்திராதவர்கள் அவர்களைக் கடிந்துகொண்டார்கள். நன்றி மறத்தல் இவ்வளவு பெரிய அளவில் நடக்கக்கூடும் என்பது எனக்கு மிகுந்த துக்கத்தை அளித்தது.

மனிதன் பிறக்கும்போதே தேவருக்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் கடன்பட்டவனாகப் பிறக்கிறான் என்பது வைதிக மரபு. இவற்றுள் ரிஷிகடன் என்பது அறிவைத் தேடித் தந்தவர்களுக்குரியது. கற்பதாலும் கற்பிப்பதாலும், பெற்றதைக் குன்றாமல் அடுத்தவருக்குச் சேர்ப்பதாலும் அது தீரும். கீதையின் மூன்றாம் அத்தியாயம் யக்ஞத்தைப் பேசும்போது, பெற்றதைத் திருப்பி அளிக்காமல் தானே துய்ப்பவனை மிகக் கடுமையான பெயரிட்டு அழைக்கிறது. வள்ளுவரும் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரமும் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். திறந்த மூலத்தை எழுதுகிறவர்கள் நம் காலத்து ரிஷிகள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களிலும் சம்பளம் வாங்குகிறவர் பலர் உண்டு. ஆனால் நமக்கு அவர்கள் தந்தது அறிவு. விலை கேட்கப்படவில்லை என்பதனால் கடன் இல்லையென்று ஆகிவிடாது.

ஆகவே சந்தாப் பணத்தை எந்த மனோபாவத்தோடு கட்டுகிறோம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பக்கத்துச் சங்கம் வைத்திருக்கிறது, நமக்கும் வேண்டும் என்று கட்டினால் அது டம்பம். ஏதேனும் தவறினால் பழியைக் கம்பெனியின்மேல் போட்டுவிடலாம் என்று கட்டினால் அது கோழைத்தனம். பழி கைமாறுமே தவிர, உதவிநிதி கிடைக்காமல் படிப்பை நிறுத்தும் பிள்ளையின் நஷ்டம் கைமாறாது. அந்தப் பிள்ளையின் அடையாள அட்டை எண்ணும் தகப்பனின் வருமானக் கணக்கும் நம் காவலில் இருக்கின்றனவே, அவற்றைக் காக்க நம் கைபலம் போதாதே என்று உணர்ந்து கட்டினால், அதுவே பொறுப்பு. இ.ஏ.பி.க்குக் கட்டும் பணத்தில் ஒரு பங்கு வைல்ட்ஃபிளையில் வேலை செய்யும் நிரலாளர்களின் சம்பளமாகவும் போய்ச் சேர்வதால், கடனும் ஒருவாறு தீர்கிறது.

அன்றைய கூட்டத்தில் என் அபிப்பிராயம் கேட்கப்பட்டபோது நான் கூறியதையே இங்கும் கூறுகிறேன். மாணவர் விபரங்களைத் தாங்கும் சர்வர் ஒன்றுக்கு மட்டும் சந்தா கட்டுங்கள். சங்கத்தின் விழா அறிவிப்பும் புகைப்படங்களும் உள்ள மற்றொன்று நாலு நாள் நின்றாலும் எவர் கண்ணிலும் நீர் வராது, அது கம்யூனிட்டி பதிப்பிலேயே இருக்கட்டும். ஆனால் அந்த இலவசத்துக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி ஒதுக்குங்கள்: சிறு தொகையாயினும் வருஷந்தோறும் ஒரு திறந்த மூலத் திட்டத்துக்கு அனுப்புங்கள், பணம் இல்லையென்றால், கண்ட பிழையை ஒழுங்காக எழுதித் தெரிவிப்பதற்கும் விளக்கக் குறிப்புகளைத் தமிழிலும் மலாயிலும் ஆக்கித் தருவதற்கும் அந்த இளைஞருக்கு மாதம் ஒரு நாளாவது விட்டுக்கொடுங்கள். பினாங்கில் அறநிலையமும் சங்கமும் நடத்துகிற பெரியவர்கள் அடுத்த ஆண்டுக் கணக்கைப் போடும்போது அந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.