நாய்க்குச் சுட்ட பிஸ்கட்

கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஓதப்பட்ட ஐந்து அதிசாரங்களுள் கட்டிவைத்தல் ஒன்று; உணவும் நீரும் மறுத்தல் மற்றொன்று. நம் இல்லத்து நாயின் சங்கிலியையும் தட்டையும் இன்று சற்றே நோக்குவோம்.

இறைச்சி கலந்த பிஸ்கட் வேண்டாவென விலக்கினோம், நன்று. அதற்கு ஈடாக இட்டது எது? எஞ்சிய மோர்ச்சோறன்றோ!

நாணமுற்று, பெயர்த்தியுடன் யாமே சுடலானோம். சலித்த கோதுமை மாவு, வேகவைத்து மசித்த பரங்கிக்காய், சிறிது நீர். உப்பும் சர்க்கரையும் இல்லை. முட்டையும் தேனும் நம் அடுக்களைக்கே புறம்பானவை. பகற்பொழுதிலேயே ஓவனில் மொறுமொறுப்பாகச் சுட்டெடுத்தோம். அன்பு மிகுதியால் உலர்திராட்சை சேர்க்க முற்பட்ட எம் கையைப் பெயர்த்தி பற்றினாள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் வெங்காயமும் அதற்கு நஞ்சே. பிறருக்குக் கற்பித்தே காலங்கழித்த யாம் இதனை எழுபதைக் கடந்து கற்றோம். இஃது அவ்வப்போது இடும் தின்பண்டமேயன்றி முழு உணவன்று; அன்றாட உணவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே அமைத்தல் வேண்டும்.

சிந்தாமணியில், அடியுண்டு உயிர்விடும் நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரம் ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. எம் வாயிற்படியில் இருப்பதோ உயிருடன் வாலாட்டும் நாய். பிஸ்கட் ஆறும்வரை காத்திருந்து, முதலில் சங்கிலியை அவிழ்த்தோம்.